ஒரு சிறு காளான் அறையின் காற்றுக் கணக்கு

கோவையை ஒட்டிய எங்கள் வீட்டின் பின்புறத்தில், முன்பு மாட்டுத் தீவனமும் பிண்ணாக்கும் அடுக்கி வைத்திருந்த அறையில் சிப்பிக்காளான் வளர்க்கிறேன். பத்தடிக்கு எட்டடி அறை. சுவர் ஒன்பதடி உயரம். மேலே சிமென்ட் அட்டைக் கூரை. வைக்கோல் அடைத்த உருளைப் படுக்கைகள் நாற்பது வரை உறியில் தொங்கும். இதே அளவில் அறை வைத்திருப்பவர்களும் வைக்க எண்ணுபவர்களும் என்னிடம் மூன்று கேள்விகள் கேட்கிறார்கள்: எத்தனை டிகிரி வைக்க வேண்டும், ஈரப்பதம் எத்தனை சதவீதம் இருக்க வேண்டும், அதற்கு எந்த இயந்திரம் வாங்கலாம். முதல் இரண்டுக்கும் விடை எந்தப் பயிற்சிக் கையேட்டிலும் கிடைக்கும். மொட்டு விட்டு வளரும் அறையில் 23 முதல் 27 டிகிரி வரை வெப்பமும், 85 முதல் 90 சதவீதம் வரை ஈரப்பதமும் இருந்தால் சிப்பிக்காளான் நன்றாக வரும். மூன்றாவது கேள்விக்கு விடை சொல்வதுதான் கடினம். வெப்பத்தையும் ஈரப்பதத்தையும் தனித்தனியே ஏற்றி இறக்கிவிடலாம் என்ற நம்பிக்கையில் கேட்கப்படும் கேள்வி அது. சிறிய அறையில் ஒன்றைத் தொட்டால் மற்றது நகரும். இரண்டையும் சேர்த்து ஆள்வது, எவ்வளவு வெளிக்காற்றை, எந்த நேரத்தில், எந்த வழியாக உள்ளே விடுகிறோம் என்பதுதான் என்று இப்போது உறுதியாக நினைக்கிறேன்.

மீட்டர் காட்டும் சதவீதத்திலிருந்து தொடங்க வேண்டும். அந்த எண் காற்றில் எவ்வளவு நீர் இருக்கிறது என்று சொல்வதில்லை. அப்போதைய வெப்பநிலையில் காற்று தாங்கக்கூடிய உச்ச அளவில் எத்தனை பங்கு நிரம்பியிருக்கிறது என்று மட்டும் சொல்கிறது. 20 டிகிரியில் ஒரு கன மீட்டர் காற்று சுமார் 17 கிராம் நீராவியைத் தாங்கும். 30 டிகிரியில் சுமார் 30 கிராம். 35 டிகிரியில் அது 40 கிராமை நெருங்கிவிடும். ஆகவே விடியற்காலையில் 22 டிகிரியில் 90 சதவீதம் காட்டிய காற்றை, ஒரு துளி நீரும் கூட்டாமல் குறைக்காமல் 32 டிகிரிக்குச் சூடேற்றினால், அதே மீட்டர் ஏறத்தாழ 50 சதவீதம்தான் காட்டும். காலையில் பார்த்த எண்ணை நம்பிக் கதவைச் சாத்திவிட்டு வேலைக்குப் போகிறவர், மாலையில் திரும்பி மொட்டுகள் சுருங்கிப் பழுப்பேறிக் கிடப்பதைக் காண்பது இதனால்தான். அறையிலிருந்த நீர் எங்கும் போய்விடவில்லை. கூரை சூடானதும் காற்றின் கொள்ளளவு கூடியது. அந்த இடைவெளியை நிரப்ப அது படுக்கையிலிருந்தும் மொட்டிலிருந்தும் நீரை இழுத்தது.

காளான் காற்றிலிருந்து ஈரத்தைக் குடித்து வளர்கிறது என்ற எண்ணம் நம்மிடையே பரவலாக இருக்கிறது. உண்மையில் காளானின் எடையில் ஏறத்தாழ 90 சதவீதம் நீர். அந்த நீரில் மிகப் பெரும்பகுதி படுக்கையிலிருந்தே வருகிறது. என் அளவுக்கு, ஒரு கிலோ காய்ந்த வைக்கோலை ஊறவைத்து, அவித்து, நீரை வடித்துப் பையில் அடைத்தால் படுக்கை மூன்று கிலோவை ஒட்டி நிற்கும். அதில் இரண்டு கிலோ நீர். அந்தப் படுக்கை தன் ஆயுளில் 700 கிராம் காளான் தந்தால், 630 கிராம் நீர் அதனோடு போய்விடும். மிச்சமிருப்பதில் எவ்வளவு வீணாகக் காற்றில் ஆவியாகிறது என்பதே கவனிக்க வேண்டியது. நாளுக்கு 20 கிராம் ஆவியானால் நாற்பது நாளில் 800 கிராம், படுக்கை தாங்கிவிடும். நாளுக்கு 50 கிராம் ஆவியானால் அதே நாற்பது நாளில் மொத்த இரண்டு கிலோவும் தீர்ந்துவிடும். மூன்றாம் அறுவடை என்ற பேச்சுக்கே இடமிருக்காது. அறையில் ஈரப்பதத்தை உயர்த்தி வைப்பதன் நோக்கம் இந்த இழப்பை மட்டுப்படுத்துவது. அதனால் நான் ஈரப்பத மீட்டரைவிட அதிகமாக நம்புவது, நடு வரிசையில் ஒரு படுக்கையைத் தொங்கவிட்டிருக்கும் கொக்கித் தராசைத்தான். அது மாலைதோறும் காட்டும் எடைக் குறைவு, அறை அன்று முழுவதும் எப்படி நடந்துகொண்டது என்பதைச் சொல்லிவிடும். மீட்டரோ நான் பார்க்கும் அந்த ஒரு கணத்தைப் பற்றி மட்டுமே பேசுகிறது.

அப்படியானால் அறையை இறுக மூடி, நூறு சதவீத ஈரத்தில் வைத்துவிட்டால் என்ன என்று கேட்கத் தோன்றும். இரண்டு காரணங்களால் அது நடக்காது. முதலாவது, காளானின் மேற்பரப்பிலிருந்து சிறிதளவாவது நீர் ஆவியாகிக்கொண்டிருந்தால்தான் அடியிலிருந்து நீரும் அதில் கரைந்த சத்துகளும் மேலே ஏறும். காற்று முழுக்க நிறைவுற்று அசையாமல் நின்றால் குடையின் மேல் நீர்ப்படலம் தங்கும். சூடோமோனாஸ் வகை பாக்டீரியா பெருகும். குடை மஞ்சள் பாய்ந்து பிசுபிசுக்கும். சந்தையில் அந்தக் காளானை யாரும் தொடமாட்டார்கள். இரண்டாவது காரணம் இன்னும் பெரியது: படுக்கைகள் மூச்சுவிடுகின்றன.

இந்த மூச்சை அளந்து பார்க்காதவர்கள் அதைப் பொருட்படுத்துவதில்லை. ஒரு தோராயக் கணக்குப் போடலாம். ஒரு கிலோ வைக்கோலில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கைப் பூஞ்சை நாற்பது நாளில் எரித்துவிடுகிறது என்று கொள்வோம். நாளுக்கு எட்டு கிராம் ஆகிறது. செல்லுலோஸ் ஒரு கிராம் எரிந்தால் சுமார் 17 கிலோஜூல் வெப்பமும், 1.6 கிராம் கரியமில வாயுவும் வெளிவரும். நாற்பது படுக்கைக்குக் கூட்டிப் பார்த்தால், 60 வாட் குண்டு பல்பு ஒன்று இரவும் பகலும் அணையாமல் எரியும் அளவு வெப்பமும், நாளொன்றுக்கு 290 லிட்டர் கரியமில வாயுவும் அந்தச் சிறு அறைக்குள் உண்டாகின்றன. அறையின் கொள்ளளவு 20 கன மீட்டர். வெளிக்காற்றில் கரியமில வாயு பத்து லட்சத்தில் 420 பங்கு அளவில் இருக்கிறது. அறையை முற்றாக மூடினால் மணிக்கு ஏறத்தாழ 600 பங்கு கூடும். அதாவது ஒரே மணி நேரத்தில் ஆயிரத்தைத் தாண்டிவிடும். சிப்பிக்காளான் இந்த வாயுவை உடனே காட்டிக்கொடுக்கும் பயிர். காம்பு நீண்டு, குடை காசளவில் நின்றுபோய், கொத்து முழுவதும் எக்காளம் போலத் தோன்றினால், அந்த அறையில் வெப்பத்தையும் ஈரப்பதத்தையும் ஆராய்வதை விட்டுவிட்டு ஜன்னலைத் திறப்பதே முதல் வேலை.

ஆயிரம் பங்குக்குள் வைக்க வேண்டுமென்றால், மேற்சொன்ன கணக்கின்படி, மணிக்கு ஒருமுறையாவது அறையின் காற்று முழுதாக மாற வேண்டும். இங்கேதான் சிக்கல் தொடங்குகிறது. கோவையில் பங்குனி மாதத்துப் பிற்பகல் ஒன்றை எடுத்துக்கொள்வோம்: வெளியே 35 டிகிரி, ஈரப்பதம் 35 சதவீதம். அந்தக் காற்றில் கன மீட்டருக்கு 14 கிராம் நீர் இருக்கும். உள்ளே 27 டிகிரியும் 88 சதவீதமும் வேண்டுமென்றால் கன மீட்டருக்கு 22 கிராமுக்கு மேல் வேண்டும். உள்ளே வரும் ஒவ்வொரு கன மீட்டருக்கும் ஒன்பது கிராம் நீரை நாம் ஊட்ட வேண்டும். மணிக்கு 20 கன மீட்டருக்கு 180 கிராம். அந்த நீரை நாம் கொடுக்காவிட்டால் படுக்கைகள் கொடுக்கும். நாற்பது படுக்கைகள் பகிர்ந்து கொடுத்தால் ஆளுக்கு நான்கைந்து கிராம், அதுவும் ஒரு மணி நேரத்துக்கு. நான்கே மணி நேரப் பிற்பகலில், ஒரு நாள் முழுவதற்கும் அனுமதித்திருந்த 20 கிராம் தீர்ந்துவிடும்.

இந்தக் கணக்கின் மறுபக்கம் நமக்குச் சாதகமானது. ஒரு கிலோ நீர் ஆவியாக 2400 கிலோஜூலுக்குச் சற்று மேற்பட்ட வெப்பம் தேவை. மணிக்கு 180 கிராம் ஆவியானால் அது ஏறத்தாழ 120 வாட் குளிர்ச்சி. சூடான வெளிக்காற்று தன்னோடு கொண்டுவரும் வெப்பம் 55 வாட் போனாலும், மிச்சமிருக்கும் 65 வாட்டில் படுக்கைகள் உண்டாக்கும் வெப்பம் சரிக்கட்டப்பட்டுவிடும். வறண்ட காற்று கோவைக்காரருக்குத் தொல்லையாகத் தெரிந்தாலும், அதை நனைத்து உள்ளே விட்டால் அதுவே குளிரூட்டியாகவும் வேலை செய்கிறது. ஈரத்துணி சுற்றிய வெப்பமானியை அந்த 35 டிகிரிக் காற்றில் வீசிப் பார்த்தால் 23 டிகிரியை ஒட்டிக் காட்டும். வெறும் நீரை வைத்துக்கொண்டு அந்தக் காற்றை எவ்வளவு தூரம் குளிர்விக்கலாம் என்பதற்கு அதுவே எல்லை. சென்னையில் அதே 35 டிகிரியில் ஈரப்பதம் 60 சதவீதமாக இருந்தால், ஈரத்துணி வெப்பமானி 28 டிகிரிக்குக் கீழே இறங்காது. எத்தனை சாக்கை நனைத்தாலும், எத்தனை குடம் தெளித்தாலும், அங்கே அந்த வேளையில் 27 டிகிரி கிடைக்காது. கடற்கரை ஊரிலிருந்து கேட்பவர்களிடம் என் அறையின் முறையை அப்படியே பின்பற்ற வேண்டாம் என்று நான் சொல்வதற்கு இதுவே காரணம். வாங்கும் முன் அவர்கள் ஈரத்துணி வெப்பமானி ஒன்றைச் செய்து பார்க்கட்டும். இருபது ரூபாய்த் துணித் திரியும் ஒரு சாதாரண வெப்பமானியும் போதும்.

படுக்கைகளின் 60 வாட்டைப் பற்றி இவ்வளவு பேசினாலும், நடுப்பகலில் அறையின் உண்மையான எதிரி கூரை. வெயில் நேராக விழும் 80 சதுர அடி சிமென்ட் அட்டை வழியாக இறங்கும் வெப்பம், என் மதிப்பீட்டில், படுக்கைகளின் வெப்பத்தைப்போலப் பதினைந்து இருபது மடங்கு இருக்கும். அதை நீராவியால் மட்டும் ஈடுகட்ட வேண்டுமென்றால் மணிக்கு ஒன்றரை லிட்டருக்கு மேல் ஆவியாக வேண்டும்; அவ்வளவு ஆவியையும் வெளியேற்ற அறைக்காற்று மணிக்குப் பத்து முறை மாற வேண்டும். அந்த வேகத்தில் காற்று வீசினால் ஈரப்பதம் எத்தனை இருந்தாலும் குடைகளின் விளிம்பு வெடித்துவிடும். ஆகவே தெளிப்பான், விசிறி, டைமர் எதை வாங்குவதற்கும் முன்னால் கூரைக்குச் செலவு செய்யுங்கள் என்பதே என் கருத்து. இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. என் கூரைக்கு மேல் ஓரடி இடைவெளி விட்டுத் தென்னங்கீற்றுப் பந்தல் போட்டிருக்கிறது. கீற்றுக்கும் அட்டைக்கும் நடுவே காற்று ஓடுவதால் அட்டை கை வைத்துப் பார்க்கும் சூட்டிலேயே நிற்கிறது. கீற்று கிடைக்காத ஊரில் வெள்ளைச் சுண்ணாம்பு அடிப்பதும் நல்ல பலன் தரும். மழைக்குப் பிறகு மறுபடி அடிக்க வேண்டும், அவ்வளவுதான். மேற்குச் சுவரை மறைத்து ஒரு கொடிப்பந்தல் இருந்தால் மாலை நான்கு மணிக்கு மேல் சுவர் கக்கும் சூடும் குறையும்.

கூரை அடங்கிய பிறகு காற்றின் வழியை அமைக்கலாம். என் அறையில் வடக்குச் சுவரில் தரையோடு ஒட்டி ஓர் அகலமான திறப்பு. அதில் இரண்டு மடிப்புச் சாக்கு தொங்குகிறது. மேலிருந்து ஒரு சொட்டுக் குழாய் அதை நனைத்துக்கொண்டே இருக்கும். எதிர்ச்சுவரில் மேலே ஆறங்குல எக்சாஸ்ட் ஃபேன். கீழே ஈரச்சாக்கு வழியாக வரும் காற்று படுக்கைகளுக்கு நடுவே ஏறி மேலே வெளியேறுகிறது. பழைய வீடுகளில் கோடைக்கு வெட்டிவேர்த் தட்டி கட்டி நீர் தெளித்ததும் இதே தத்துவந்தான். ஃபேன் மட்டும் புதிது. வரும் காற்று உள்ளே நுழைவதற்கு முன்பே குளிர்ந்து நனைந்துவிடுவதால், படுக்கைகளின் நீரை அது பறிப்பதில்லை. என் ஃபேன் ஓடினால் மணிக்கு இருநூறு கன மீட்டருக்கு மேல் தள்ளும் என்று அதன் பெட்டியில் அச்சிட்டிருக்கிறது. சாக்கையும் வலையையும் தாண்டி இழுக்கும்போது அதில் பாதி கிடைத்தால் பெரிது. ஆகவே அரை மணிக்கு ஒருமுறை ஐந்தாறு நிமிடம் ஓடும்படி டைமர் வைத்திருக்கிறேன். இடைவிடாமல் மெல்ல ஓடும் ஃபேன் இதைவிட நல்லது. ஆனால் கடைகளில் கிடைக்கும் சாதாரண ஃபேனின் வேகத்தைக் குறைத்தால் மோட்டார் முனகிச் சூடாகிறது.

வலை என்றேன். காளான் ஈக்கள் வராமல் தடுக்கும் நுண்வலை காற்றையும் தடுக்கும். பல சிறு அறைகளில் வலை அடித்த அன்றிலிருந்து காம்பு நீளத் தொடங்குவதைக் கவனிக்கலாம். வலைக்கு ஈடாகத் திறப்பைப் பெரிதாக்க வேண்டும் என்பது யாருக்கும் தோன்றுவதில்லை. வலையில் படியும் தூசியையும் காளான் தூளையும் வாரம் ஒருமுறை கழுவ வேண்டும். சிப்பிக்காளான் முற்றினால் கொட்டும் வெண்தூள் நுரையீரலுக்கு ஆகாது. தொடர்ந்து சுவாசிப்பவர்களுக்கு ஒவ்வாமையும் இருமலும் காய்ச்சலும் வருவது மருத்துவம் அறிந்த செய்தி. குடை விளிம்பு மேல்நோக்கித் திரும்புவதற்கு முன்பே பறித்துவிடுவதும், அறைக்குள் முகக்கவசத்தோடு போவதும், பறிப்பதற்கு முன் பத்து நிமிடம் ஃபேனை ஓடவிடுவதும் நல்லது.

தரையில் இரண்டங்குல ஆற்றுமணல் பரப்பி நனைத்து வைப்பது எல்லாரும் அறிந்த முறை. அதன் சிறப்பு, நீரை ஒரேயடியாகக் கொடுக்காமல் மெல்ல மெல்லக் கொடுப்பதில் இருக்கிறது. கைத்தெளிப்பானால் காற்றில் அடிக்கும் நீர் சில நிமிடங்களுக்கு மீட்டரை 95-க்கு ஏற்றும். பிறகு மீண்டும் பழைய இடத்துக்கே இறங்கிவிடும். நடுவில் அந்தத் துளிகள் மொட்டின் மேல் விழுந்து தங்குகின்றன. மொட்டு கடுகளவில் இருக்கும்போது நேராக நீர் படக்கூடாது; கொத்து விரிந்த பிறகு மென்மையாகத் தெளித்தால் தவறில்லை, ஆனால் தெளித்த நீர் அரைமணிக்குள் காய்ந்துவிடும்படி காற்று அசைய வேண்டும். காலையிலும் முன்மதியத்திலும் தெளிக்கிறேன். இரவில் தெளிப்பதே இல்லை.

இரவு வேறு விதமான சோதனை. 27 டிகிரியும் 88 சதவீதமும் உள்ள அறைக்காற்று, 25 டிகிரிக்குச் சற்றுக் கீழான எந்தப் பரப்பைத் தொட்டாலும் அங்கே பனித்துவிடும். மார்கழி இரவில் கூரை அட்டை வானத்துக்கு வெப்பத்தை இழந்து அதைவிடக் குளிர்ந்துவிடுவதால், உட்புறம் முழுவதும் துளி கட்டிச் சொட்டத் தொடங்கும். தூசியும் பாசியும் கலந்த அந்தச் சொட்டு எந்தப் படுக்கையில் விழுகிறதோ அங்கே மஞ்சள் புள்ளியோ பச்சைப் பூஞ்சையோ தோன்றும். கூரைக்குக் கீழே ஒரு பாலித்தீன் விரிப்பை ஒரு பக்கம் சாய்வாகக் கட்டிவிட்டால், துளிகள் அதன் வழியே ஓடிச் சுவரோரம் மணலில் விழும்; அந்த நீரும் மறுநாள் வேலைக்கு ஆகிவிடும். கீற்றுப் பந்தல் இருக்கும் கூரை இரவிலும் அவ்வளவு குளிர்வதில்லை என்பதால் இந்தத் தொல்லை பாதி குறைகிறது.

விடியற்காலைக் காற்றைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். அந்த நேரத்துக் காற்று குளிர்ந்தும் ஈரமாகவும் இருப்பதால், கதவையும் ஜன்னலையும் அகலத் திறந்தாலும் படுக்கைகள் இழப்பது மிகக் கொஞ்சம். ஐந்து மணியிலிருந்து ஏழு மணி வரை திறந்து வைத்தால் அறையின் சுவரும் மணலும் குளிர்ந்துவிடும். அந்தக் குளிர்ச்சி பகல் பதினொரு மணி வரை கைகொடுக்கும். கரியமில வாயுவை மட்டும் இப்படி முன்கூட்டிக் கழிக்க முடியாது. கதவைச் சாத்திய ஒரு மணி நேரத்தில் அது பழைய அளவுக்கு வந்துவிடும். குளிர்ச்சியைச் சேமிக்கலாம், மூச்சைச் சேமிக்க முடியாது என்பதால் விடியற்காலைத் திறப்பும் நாள் முழுவதும் சிறு ஃபேனும் இரண்டும் வேண்டும்.

பருவத்துக்குப் பருவம் இந்த ஏற்பாடு மாறும். ஆடி மாதத்தில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வீசும் காற்று, வெப்பத்தைக் குறைத்துக் கொடுத்தாலும், கதவிடுக்கு கூரை இடுக்கு எல்லாவற்றின் வழியாகவும் நுழைந்து அறையைக் காயவைக்கும். அப்போது ஃபேனை நிறுத்திவிட்டு இடுக்குகளை அடைப்பதே வேலை. ஐப்பசி அடைமழையில் நிலைமை தலைகீழ். வெளிக்காற்றே 90 சதவீதத்தைத் தாண்டி நிற்பதால் நனைக்கும் சாக்கு எதையும் குளிர்விக்காது. குடைகள் உலராமல் நீர் கோத்துக்கொள்ளும். அந்த வாரங்களில் சொட்டுக் குழாயை மூடி, தெளிப்பதை நிறுத்தி, ஃபேன் ஓடும் நேரத்தை இரட்டிப்பாக்குகிறேன். ஆண்டு முழுவதும் ஒரே டைமர் அமைப்பில் ஓடும் அறை, ஆண்டில் பாதி நாள் தவறாகத்தான் ஓடிக்கொண்டிருக்கும்.

மீட்டர்களை எவ்வளவு நம்பலாம் என்பதற்கு ஓர் எளிய சோதனை உண்டு. ஒரு பாட்டில் மூடியில் சமையல் உப்பைப் போட்டு, கரையாமல் சேறு போல் ஆகும் அளவுக்கு மட்டும் சில சொட்டு நீர் விட்டு, மீட்டரோடு சேர்த்து ஒரு கண்ணாடிப் புட்டியில் இறுக மூடி ஓர் இரவு வைக்க வேண்டும். புட்டிக்குள் ஈரப்பதம் 75 சதவீதத்தில் வந்து நிற்கும். நம் ஊர் வெப்பநிலையில் அது பெரிதாக மாறுவதில்லை. மீட்டர் 69 காட்டினால் ஆறு கூட்டிப் படிக்க வேண்டும் என்று அதன் மேலேயே எழுதி ஒட்டிவிடலாம். மலிவான எண்முறை மீட்டர்கள் 90-க்கு மேல் தடுமாறும். ஈரத்தில் நாள்கணக்கில் கிடந்தால் 99-இல் சிக்கிக்கொண்டு இறங்க மறுக்கும். வறண்ட இடத்தில் ஒரு நாள் வைத்தால் பெரும்பாலும் தெளிந்துவிடும். மீட்டரைக் கதவருகே மாட்டுவது நம் பார்வைக்கு வசதி. காளானுக்கு அது எந்தச் செய்தியும் சொல்லாது. நடு வரிசைப் படுக்கையின் உயரத்தில், ஃபேனுக்கும் சாக்குக்கும் நேராக இல்லாத இடத்தில் தொங்க வேண்டும். மேல் வரிசைக்கும் கீழ் வரிசைக்கும் பிற்பகலில் இரண்டு மூன்று டிகிரி வேறுபாடு சர்வ சாதாரணம்.

இயந்திரங்களுக்கு வருகிறேன். நுண்துளிப் புகை விடும் அல்ட்ராசோனிக் கருவி சிறு அறைக்கு ஏற்றதே. அது வெப்பத்தைக் கூட்டுவதில்லை. ஆனால் நீரில் கரைந்திருக்கும் உப்பு முழுவதையும் அது காற்றில் தூவிவிடும். சிறுவாணித் தண்ணீர் கிடைக்கும் தெருக்களில் கவலையில்லை. எங்களைப் போல ஆழ்துளைக் கிணற்று நீரை நம்பியிருப்பவர்களுக்கு, வாரத்துக்குள் படுக்கையின் மேல் வெள்ளைத் தூள் படியும், கருவியின் தகடும் சுண்ணாம்பு கட்டும். நீரை மூடுபனி போலப் பீய்ச்சும் ஃபாகர் முனைகளும் அதே நீரில் அடைத்துக்கொள்ளும். மழைநீரைப் பிடித்து வைத்துப் பயன்படுத்துவதே மலிவான வழி. ஏ.சி. பொருத்தலாமா என்பது அடிக்கடி வரும் கேள்வி. ஏ.சி.யின் குளிர்ந்த சுருளில் அறையின் ஈரம் நீராக வடிந்து வெளியே போகிறது. அது வெளியேற்றும் ஈரத்தை மறுபக்கம் இன்னொரு கருவி உள்ளே தெளிக்க வேண்டும். இரண்டு கருவிகளும் ஒன்றையொன்று எதிர்த்து ஓடுவதற்கு நாம் மின்கட்டணம் கட்டுகிறோம். 16 முதல் 18 டிகிரி கேட்கும் மொட்டுக்காளானை (பட்டன் காளான் என்ற வேறு இனம்) சமவெளியில் வளர்ப்பவருக்கு வேறு வழியில்லை. ஊட்டி போன்ற மலைப்பகுதியில் அந்தக் குளிர் இயல்பாகவே கிடைத்துவிடுகிறது. சிப்பிக்காளானுக்கு நாற்பது படுக்கை அறையில் ஏ.சி. வைப்பது கட்டுப்படியாகாது.

வித்து பரவும் கட்டத்துக்கு, அதாவது மொட்டு வருவதற்கு முன் பையில் இட்ட வித்திலிருந்து பூஞ்சை இழை வைக்கோல் முழுவதும் படரும் நாட்களுக்கு, இவற்றில் பெரும்பாலானவை பொருந்தாது. பை மூடியிருக்கும்வரை அதன் ஈரம் அதற்குள்ளேயே இருக்கும்; அறையின் ஈரப்பதத்தை 90-க்கு ஏற்றுவதால் சுவரில் பூஞ்சை பிடிப்பதைத் தவிர வேறு பலன் இல்லை. கரியமில வாயு சற்றுக் கூடினாலும் பூஞ்சை இழை பொருட்படுத்தாது. அங்கே பார்க்க வேண்டியது பையின் நடுப்பகுதி வெப்பம். இழை வேகமாகப் பரவும் நாட்களில் நடுப்பகுதி அறையைவிட மூன்று நான்கு டிகிரி கூடுதலாக இருக்கும். பைகளை நெருக்கி அடுக்கினால் இன்னும் கூடும். அறை 31 டிகிரி என்று மீட்டர் காட்டும்போது உள்ளே 35-ஐத் தாண்டியிருக்கலாம். அந்தச் சூட்டில் சிப்பிக்காளான் இழை தளர, சூட்டைத் தாங்கும் பச்சைப் பூஞ்சை முந்திக்கொள்கிறது. ஒரு சமையலறை வெப்பமானியின் கம்பியைக் காற்றுத் துளை வழியாகச் செருகிப் பார்ப்பதும், பைகளுக்கு நடுவே ஒரு கையளவு இடைவெளி விடுவதும் போதும். இரண்டு கட்டத்துக்கும் ஒரே அறையைப் பயன்படுத்துவோர் குறைந்தபட்சம் ஒரு சாக்குத் திரையாவது நடுவில் கட்டிவிடுவது நல்லது.

இவ்வளவு செய்தும் சித்திரை, வைகாசியில் அறையை 27 டிகிரிக்குள் வைப்பது போராட்டமாகவே இருக்கிறது. அந்த மாதங்களில் அறையோடு மல்லுக்கட்டுவதைவிடப் பயிரை மாற்றுவது மேல். பால்காளான் 30 முதல் 35 டிகிரி வரை சுகமாக வளரும். 1974-இல் மேற்கு வங்கத்திலிருந்து அறிவியல் உலகுக்கு விவரிக்கப்பட்ட இந்த இனத்திலிருந்து, கோவையிலுள்ள தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் 1998-இல் ஏ.பி.கே.-2 என்ற ரகத்தை வெளியிட்டது. வெப்பத்தைத் தாங்கினாலும் ஈரப்பதத்தில் அது விட்டுக்கொடுக்காது. 80 முதல் 90 சதவீதம் கேட்கும். அதற்கு, பாதி நிலத்துக்குள் இறங்கிய குழியின் மேல் நீல நிற பாலித்தீன் விரிப்பு போர்த்திய குடிலைப் பரிந்துரைக்கிறார்கள். மண்ணின் குளிர்ச்சியும் ஈரமும் அங்கே இயல்பாகவே கிடைக்கும். பால்காளான் படுக்கையின் மேல் இடும் மேற்பூச்சு மண்ணும் நீரைப் பிடித்து வைத்துக்கொள்வதால், ஈரப்பதம் சில மணி நேரம் இறங்கினாலும் சிப்பிக்காளான் அளவுக்குச் சேதம் இல்லை. பங்குனியின் கடைசி வாரத்தில் சிப்பிப் படுக்கைகளை இறக்கி, மணலை வெயிலில் காயவைத்து, அறைக்குச் சுண்ணாம்பு அடித்துவிட்டுப் பால்காளான் படுக்கைகளை ஏற்றுகிறேன். ஆடிக் காற்று தொடங்கியதும் சிப்பிக்காளான் வித்துக்குச் சொல்லி வைத்துவிடுவேன்.